லாம்

தரைக்குள் பாதி புதைந்த அறை எனக்கு.
ஜன்னலில் மனிதர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரியும்.
இரண்டு ஆண்டுக்கொருமுறை தொண்ணூறு நாள்
ஹெலினாவுக்கு வந்து கூடுவார்கள்.
அவர்கள் நினைப்பதை நான் சட்டமாக எழுதுவேன்.
என் பெயர் எதிலும் இருக்காது. இருக்கவும் கூடாது.

அந்த மார்ச்சில் ஓர் அலுவலகத்தைப் பெற்றேன்.
"இதனால் நிறுவப்படுகிறது" என்றொரு வரி,
அவ்வளவுதான்.
கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கான வாரியம்.
நாற்காலி இல்லை, சாவி இல்லை, தபால்பெட்டி இல்லை,
முற்றுப்புள்ளிக்குப் பின் அது இருந்தது.

இரண்டாம் பிரிவில் அதற்கொரு தலை வைத்தேன்.
"ஆளுநரின் விருப்பம் உள்ளவரை
இயக்குநர் பதவியில் இருப்பார்."
விருப்பம்:
காதல் கடிதத்தில் புழங்குகிற சொல்.
இங்கே அதற்கு விளக்கம் எழுதச் சொல்லி
யாரும் என்னைக் கேட்டதில்லை.

மூன்றாம் பிரிவில்
"கசியும் கிணற்றை இயக்குநர் அடைக்க வேண்டும்" என்றிருந்தது.
நிதிக்குழுவில் இரவு பத்தரை மணி.
செனட்டர் ரோல்ஃப் ஹேகன் காதில் செருகிய பென்சிலோடு
"வேண்டும் என்றால் பணமும் வேண்டுமே" என்றார்.
சிரித்தார்கள். நானும்தான்.
"அடைக்கலாம்" என்று மாற்றினேன்.
நாலெழுத்து போய் இரண்டெழுத்து வந்தது.

ஆகஸ்டில் நெல்டா ஸ்காரை நியமித்தார்கள்.
சட்டத்துக்கு அக்டோபர் ஒன்றில்தான் உயிர்.
அதுவரை, இல்லாத அலுவலகத்துக்கு இருக்கிற தலைவி.
பழைய வாக்குப்பெட்டிகள் அடுக்கிய கிடங்கைக் கொடுத்தார்கள்.
முத்திரையில் மலையா மாடா என்று
மூன்று கூட்டம் நடந்தது.
தொலைபேசி மட்டும் முந்திக்கொண்டது.

கட் பேங்க் பக்கமிருந்து, ஓரின் பெக்.
தொழுவத்துக்குப் பின்னால் பழைய கிணறு.
அழுகிய முட்டை நாற்றம்.
இரண்டு கன்றுகள் காலையில் எழவில்லை.
கம்பெனி செத்தே அறுபது வருஷம்.
"அக்டோபர் வரை என்னால்..." என்று தொடங்கி
நெல்டா நிறுத்திக்கொண்டாராம்.
சொந்தக் காரில் மூன்று மணி நேரம் வடக்கே.
காற்று வரும் பக்கமாய் நின்று
துருக் குழாயைச் சுற்றிய சேற்றில்
குமிழிகளை எண்ணினாராம்:
நிமிடத்துக்கு நாற்பத்தொன்று.

மறுநாள் என் அறைக்கு இறங்கி வந்தார்.
எந்த இயக்குநரும் இறங்கியதில்லை.
"இந்த 'லாம்' உங்களுடையதா?"
தலையாட்டினேன், எந்தப் பக்கமென்று எனக்கே தெரியாமல்.
"அடைக்காமலும் இருக்கலாம், இல்லையா?"
"ஆமாம்."
"அடைக்கக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா?"
"இல்லை."
அந்த எழுத்துகளுக்குக் கீழே
நகத்தால் ஒரு கோடு கீறிவிட்டுப் போனார்.

அக்டோபர் ஒன்று, காலை எட்டு மணி.
முத்திரை இல்லாத தாளில் முதல் ஆணை.
சிமென்ட் லாரி கிளம்பியது.
மூன்று ஆண்டில் எண்பத்தெட்டு கிணறுகள்;
முத்திரைக்கு ஒதுக்கிய பணமும் குழிக்குள் போனது.

பிறகு ஆளுநர் மாறினார்.
ஒற்றை வரியில் கடிதம் வந்தது.
காரணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை;
இடம் வைக்காதவன் நான்.

இப்போதைய இயக்குநர் நல்லவர், குரலை உயர்த்தாதவர்.
தாளில் முத்திரை இருக்கிறது. மாடுதான் வென்றது.
அதே இரண்டெழுத்தை அவரும் படித்தார்,
படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மார்ச்சில் வாரியத்தின் பெயரை மாற்ற
ஒரு திருத்தம் என் மேசைக்கு வந்தது.
எழுத்துப் பிழைகளை நானே களையலாம், விதி உண்டு.
மூன்றாம் பிரிவில் விரல் நின்றது.
ஒரு நொடி வேலை, யாரும் பார்க்கப்போவதில்லை.
பிழையில்லையே அது.
விரலை எடுத்தேன்.

ஜன்னலில்
பளபளப்பான காலணிகளுக்கு நடுவே
வடக்குச் சேறு காய்ந்த ஒரு ஜோடி பூட்ஸ்,
வழி தெரியாமல் நின்று, திரும்பி,
விசாரணை அறைப் பக்கம் நடந்தது.
பொதுமக்களில் எவரும் வந்து சாட்சி சொல்லலாம்:
அந்த லாமும் நான் எழுதியதுதான்.